உயர்திறன் உலோகக் கலவைகள்: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பட்டறைகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. சென்னை, சேலம், கோவை, திருச்சி மற்ற நான்கு. இருசக்கர வாகனப் பாகங்களும் ஜிக், ஃபிக்ஸ்சரும் செய்துவந்த பட்டறைகளுக்கு இப்போது 17-4 பி.எச். (வலுவான ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), இன்கொனெல் 718 (சூடு தாங்கும் நிக்கல் கலவை), டைட்டானியம் என்று எழுதிய டிராயிங்குகள் வருகின்றன. வார்ப்படம் ஊற்றுபவர்களிடம், "இந்த கிரேடையே கொஞ்சம் மாற்றி, இன்னும் பலமாகத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். அப்படி வரும் வேலைகளில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பதில்கள் பலவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கிரேடின் பெயரைப் பார்த்து வலிமையைக் கணக்குப் போடாதீர்கள். அந்த உலோகம் எப்படி உருக்கப்பட்டது, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது, எதில் ஆறியது என்பதைப் பாருங்கள். கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

இப்போதுள்ள பாகம் தாங்கவில்லை. இதைவிட நல்ல மெட்டீரியல் எது?

"தாங்கவில்லை" என்பதற்கு நான்கு அர்த்தம் இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு.

சுமை ஏற்றும்போது வளைந்து, சுமையை எடுத்ததும் பழையபடி நிமிர்கிறது என்றால் அது விறைப்புத்தன்மை பற்றிய சிக்கல். கார்பன், அலாய் ஸ்டீல் எல்லாவற்றுக்கும், விறைப்பைக் காட்டும் யங் குணகம் ஏறத்தாழ 205 முதல் 210 கிகாபாஸ்கல்தான். ஈ.என். 8 என்ற சாதாரண கார்பன் ஸ்டீலை எடுத்துவிட்டு ஈ.என். 24 என்ற அலாய் ஸ்டீலைப் போட்டாலும், ஹார்டன் (சூடேற்றிச் சட்டென ஆற்றிக் கடினமாக்கல்) செய்தாலும் செய்யாவிட்டாலும், அதே அளவுதான் வளையும். காசு வீண். விட்டத்தைக் கூட்டுங்கள், அல்லது தாங்கிகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறையுங்கள். டைட்டானியத்தின் குணகம் சுமார் 114, அலுமினியத்தின் குணகம் 70. அவற்றுக்கு மாறினால் வளைவு அதிகமாகும்.

வளைந்தது வளைந்தபடியே நிற்கிறது என்றால் யீல்டு வலிமை (நிரந்தரமாக வளையாமல் தாங்கும் எல்லை) போதவில்லை. இங்கே கிரேடையோ ஹீட் ட்ரீட்மென்ட்டையோ மாற்றுவது பலன் தரும்.

பல மாதம் ஓடிய பிறகு திடீரென உடைந்து, முறிவின் முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல வளைவு வளைவாகத் தெரிந்தால் அது ஃபெட்டீக், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் களைத்து உடைவது. கோடுகள் எந்த மூலையில் தொடங்குகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஷோல்டரின் (விட்டம் மாறும் படி) அடியிலோ கீவே (சாவிப் பள்ளம்) மூலையிலோதான் இருக்கும். அந்த மூலையின் ஆரம் 0.3 மி.மீ. என்றால் முதலில் அதை 1.5 அல்லது 2 மி.மீ. ஆக்கி, டூல் கோடு தெரியாத அளவுக்குப் பாலிஷ் செய்யுங்கள். கிரேடு மாற்றத்தைவிட இது பல நேரம் அதிக ஆயுள் தரும். மூலையைக் கூராகவே விட்டுவிட்டுக் கடினத்தை மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் கடினமான ஸ்டீல் கீறலைப் பொறுக்காது.

தேய்மானம் நான்காவது. அதற்கு மேற்பரப்புக் கடினம் போதும். முழுப் பாகத்தையும் விலை உயர்ந்த கலவையில் செய்ய வேண்டியதில்லை. கார்புரைசிங், நைட்ரைடிங், இண்டக்‌ஷன் ஹார்டனிங் ஆகியவை இதற்காகவே இருக்கின்றன.

ஈ.என். 8, ஈ.என். 19, ஈ.என். 24: எதை எப்போது எடுப்பது?

மூன்றிலும் கார்பன் ஏறத்தாழ 0.40 சதவீதம்தான். அதனால் மேல்தோலில் எட்டும் கடினம் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. ஈ.என். 8-ல் மாங்கனீஸைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. ஈ.என். 19-ல் சுமார் 1 சதவீதம் குரோமியமும் 0.3 சதவீதத்தை ஒட்டி மாலிப்டினமும் உண்டு. ஈ.என். 24-ல் இவற்றோடு 1.3 முதல் 1.7 சதவீதம் நிக்கல் சேர்கிறது. இந்தத் தனிமங்கள், ஆயிலில் மெதுவாக ஆறும் நடுப்பகுதியையும் மார்ட்டென்சைட்டாக (கடினமான உள்ளமைப்பாக) மாற்ற உதவுகின்றன.

25 மி.மீ. ராடுக்கு ஈ.என். 19 தாராளமாகப் போதும். 60 மி.மீ. தாண்டினால் அதன் நடுப்பகுதி தளரத் தொடங்கும். 100 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு நடுவிலும் பலம் வேண்டுமென்றால் ஈ.என். 24 எடுங்கள். ஆனால் அந்த ஷாஃப்ட் முறுக்கு விசையை மட்டும் தாங்குவதாக இருந்தால் நடுப்பகுதிக்கு வேலையே குறைவு. அங்கே ஈ.என். 19 வாங்கி மிச்சப்பட்ட பணத்தை நல்ல கிரைண்டிங்கில் போடலாம்.

ஈ.என். 24 'டி' நிலை என்று டிராயிங்கில் இருந்தால் 850 முதல் 1000 மெகாபாஸ்கல் டென்சைல் (இழுவிசை) வலிமை, பிரினெல் கடினத்தில் 248 முதல் 302 என்று பொருள். பட்டறையிலேயே சரிபார்க்க, பிரினெல் எண்ணை 3.4-ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கலில் டென்சைல் வலிமை தோராயமாகக் கிடைக்கும். இந்தக் கணக்கு ஸ்டீலுக்கு மட்டும்; அலுமினியத்துக்கோ டைட்டானியத்துக்கோ போடக்கூடாது.

ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் என்ன எழுத வேண்டும்?

"ஹார்டன் அண்ட் டெம்பர்" என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்புவதுதான் பாதிச் சண்டைகளுக்குக் காரணம். இவ்வளவாவது எழுதுங்கள்: கிரேடும் ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்), பாகத்தின் அதிகபட்சத் தடிமன், வேண்டிய கடினம் மேல்–கீழ் எல்லையோடு (உதாரணமாக 28 முதல் 32 எச்.ஆர்.சி., அதாவது ராக்வெல் சி கடினம்), கடினம் எந்த இடத்தில் சோதிக்கப்பட வேண்டும், எந்த முகத்தில் அச்சு விழக்கூடாது, அனுமதிக்கும் வளைவு, எப்படித் தொங்கவிட வேண்டும். நீண்ட ஷாஃப்ட்டைப் படுக்கவைத்துச் சூடேற்றினால் தன் எடையிலேயே தொய்யும். அதனால் ஒரு முனையில் தொங்கவிட எம்8 துளை போட்டு அனுப்புவது நல்ல பழக்கம்.

ஈ.என். 24-க்கு நடைமுறை இப்படி: 830 முதல் 850 டிகிரி, பாகம் முழுவதும் அந்தச் சூட்டை எட்டிய பிறகு 25 மி.மீ. தடிமனுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் ஊறல், 50 முதல் 70 டிகிரியில் கலக்கிக்கொண்டிருக்கும் ஆயிலில் குவென்ச் (முக்கிச் சட்டென ஆற்றுதல்), கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் டெம்பரிங் (உடையும் தன்மையைக் குறைக்கும் மறுசூடு). டெம்பரிங் 25 மி.மீ.க்கு ஒரு மணி நேரம், எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல்.

கருப்பு ராடில் (கடையாத, ரோலிங் தோல் உள்ள ராடில்) வேலை செய்கிறீர்கள் என்றால், மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும். பக்கத்துக்கு 1.5 மி.மீ.யாவது கடைந்து எடுத்த பிறகே ஹார்டனிங்குக்கு அனுப்புங்கள். எடுக்காமல் அனுப்பினால் கடினம் குறைவாகக் காட்டும், ஃபர்னஸ்காரர் மேல் வீண் பழி விழும்.

ஹார்டன் செய்த பாகத்தில் விரிசல். தவறு யாருடையது?

விரிசலை உடைத்துத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். உள்முகம் கருத்து, ஆக்சைடு படிந்திருந்தால் சூடேற்றுவதற்கு முன்பே அந்த விரிசல் இருந்திருக்கிறது, அதாவது ராடிலேயே. ஆயில் ஊறி, நீலமோ வைக்கோல் நிறமோ தெரிந்தால் குவென்ச்சில் உண்டாகி, டெம்பரிங் சூட்டில் நிறம் ஏறியிருக்கிறது. வெள்ளையாகப் பளபளத்தால் டெம்பரிங்குக்குப் பிறகு வந்தது, கிரைண்டிங்கைச் சந்தேகப்படுங்கள்.

குவென்ச் விரிசலில் வடிவமைப்பின் பங்கு பெரிது. கூர்மையான கீவே, விளிம்புக்கு மிக அருகில் போட்ட துளை, தடிமன் சட்டென்று மாறும் இடம் ஆகியவை விரிசலை அழைத்துவரும். துளையைக் களிமண்ணோ செராமிக் ஃபைபரோ வைத்து அடைத்து அனுப்புவது பலன் தருகிறது. மாலை குவென்ச் செய்து, மறுநாள் காலையில் டெம்பர் செய்யலாம் என்று விட்டுவைப்பது இன்னொரு காரணம். அந்த இரவில்தான் "டிக்" என்ற சத்தத்தோடு பாகம் வெடிக்கும்.

கடினம் சரியாக இருக்கிறது, ஆனாலும் கண்ணாடிபோல உடைகிறது. ஏன்?

டெம்பரிங் சூட்டைக் கேளுங்கள். ஈ.என். 24 போன்ற ஸ்டீல்களை 250 முதல் 400 டிகிரிக்குள் டெம்பர் செய்தால் தாக்குதல் தாங்கும் திறன் விழுந்துவிடும். மிகக் கடினம் வேண்டுமென்றால் 200 டிகிரிக்குள் நில்லுங்கள். வலுவும் இணக்கமும் வேண்டுமென்றால் 550-க்கு மேல் போங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு. 600 டிகிரியில் சரியாக டெம்பர் செய்துவிட்டு ஃபர்னஸுக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டால், சுமார் 575-லிருந்து 375 வரை கடக்கும் நேரத்தில் பாஸ்பரஸ், வெள்ளீயம் போன்ற அசுத்தங்கள் தானிய எல்லைக்கு (உலோகத்தின் நுண்படிகங்கள் சந்திக்கும் இடத்துக்கு) நகர்ந்து அதைப் பலவீனமாக்கும். தடித்த பாகங்களில் இது அதிகம். மாலிப்டினம் இதை அடக்கும், முழுதாகத் தடுக்காது. டெம்பரிங் முடிந்ததும் வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுங்கள். மிகத் தடித்ததாக இருந்தால் ஆயிலில் போடுங்கள். இரண்டு கோளாறையும் ராக்வெல் மெஷின் காட்டாது. பள்ளம் போட்ட துண்டைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் சார்பி சோதனைதான் காட்டும். முக்கியமான பாகத்துக்குச் சார்பி கேளுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

ஜிங்க் பிளேட்டிங் போட்ட போல்ட்டு இறுக்கி வைத்த மறுநாள் தானாகத் தலை கழன்று விழுகிறது.

ஹைட்ரஜன். ஆசிடில் துரு நீக்கும் பிக்கிளிங்கிலும் பிளேட்டிங்கிலும் ஸ்டீலுக்குள் புகுந்த ஹைட்ரஜன் அணுக்கள், இறுக்கிய விசையில் இழுபட்டு நிற்கும் இடத்தை நோக்கி நகர்ந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்து உடைக்கின்றன. 39 எச்.ஆர்.சி.க்கு மேற்பட்ட கடினத்தில் ஆபத்து மிக அதிகம். பிளேட்டிங் முடிந்த நான்கு மணி நேரத்துக்குள், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், 190 முதல் 220 டிகிரியில் பேக்கிங் (ஹைட்ரஜன் வெளியேறும்படி ஓவனில் சூடாக்கி வைத்தல்) செய்ய வேண்டும். வலிமையைப் பொறுத்து 8 முதல் 24 மணி நேரம். மறுநாள் பேக் செய்தால் உள்ளே விரிசல் ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். அதைப் பேக்கிங் ஆற்றாது. 12.9 கிரேடு என்ற மிக உயர் வலிமை போல்ட்டுக்கு எலக்ட்ரோபிளேட்டிங்கே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஆசிடுக்குப் பதில் ஷாட் பிளாஸ்ட்டிங்கில் சுத்தம் செய்து, ஜிங்க் ஃபிளேக் (மின்முலாம் அல்லாத துத்தநாகச் செதில்) பூச்சு போடலாம்.

17-4 பி.எச். ஸ்டெயின்லெஸ்ஸை முதலில் கடைவதா, ஏஜிங் செய்துவிட்டுக் கடைவதா?

இந்த ஸ்டீலின் அழகே, தாழ்ந்த சூட்டில் ஏஜிங் (வலிமை ஏறும்படி சூட்டில் வைத்தல்) செய்வதால் வளைவும் கருப்பும் மிகக் குறைவு என்பதுதான். சப்ளையரிடமிருந்து 'ஏ' நிலையில், அதாவது 1038 டிகிரியில் சொல்யூஷன் (கலவைத் தனிமங்களைக் கரையவிடும் சூடேற்றல்) செய்யப்பட்டு வரும். கடைந்து முடித்து, 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எச் 900 நிலை: குறைந்தபட்சம் 1310 மெகாபாஸ்கல், 40 எச்.ஆர்.சி. இதில் பாகம் 0.04 முதல் 0.06 சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. நீளத்தில் 0.04 முதல் 0.06 மி.மீ. 621 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கும் எச் 1150-ல் சுருக்கம் சுமார் 0.08 முதல் 0.10 மி.மீ. பேரிங் அமரும் போர், டவல் பின் செருகும் துளை போன்றவற்றுக்கு இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துக் கடையுங்கள், அல்லது கிரைண்டிங்குக்குக் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

'ஏ' நிலையிலேயே பாகத்தைப் பயன்படுத்தக்கூடாது. உடையக்கூடியது, துருச் சார்ந்த விரிசலுக்கும் எளிதில் ஆளாகும். உப்புக்காற்று, குளோரைடு தண்ணீர் படும் இடத்துக்கு எச் 900-ம் வேண்டாம். எச் 1025 அல்லது அதற்கு மேல் போங்கள்.

அலுமினியத்தில் 6061-ஆ, 7075-ஆ?

வெல்டிங் உண்டென்றால் 7075 கிடையாது. சாதாரண டிக் வெல்டிங்கில் வெடிக்கும். 6061-ஐ 4043 அல்லது 5356 கம்பியில் வெல்டு செய்யலாம், ஆனால் வெல்டை ஒட்டிய பகுதியில் டி6 (சொல்யூஷனும் ஏஜிங்கும் செய்த நிலை) வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். டிசைன் கணக்கை அந்தப் பாதியை வைத்துப் போடுங்கள்.

வெல்டிங் இல்லை, பலம்தான் முக்கியம் என்றால் 7075-டி6: வழக்கமான டென்சைல் சுமார் 570 மெகாபாஸ்கல், 6061-டி6-க்கு சுமார் 310. ஈரத்தில் இழுவிசையோடு நிரந்தரமாக நிற்கும் பாகம் என்றால் 7075-ஐ டி73 நிலையில் கேளுங்கள். பலம் 10, 15 சதவீதம் குறையும், அரிப்பு விரிசல் அச்சம் பெருமளவு போகும். பாக்கெட் பாக்கெட்டாகக் குடையப்போகும் பிளேட் என்றால் டி651 வாங்குங்கள். அது குவென்ச்சுக்குப் பிறகு இழுத்து, உள்ளழுத்தம் தணிக்கப்பட்டது. அது இல்லாமல் வெறும் டி6-ல் குடைந்தால் கிளாம்பைக் கழற்றியதும் பிளேட் வாழைமட்டையாக வளையும்.

நீங்களே சொல்யூஷன் செய்தால், ஃபர்னஸ் கதவு திறந்ததிலிருந்து தண்ணீரில் முழுதாக மூழ்கும்வரை அதிகபட்சம் 15 விநாடி. மெல்லிய தகட்டுக்கு அதைவிடக் குறைவு. தொட்டித் தண்ணீர் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஓசூர் குளிரில் இது எளிது. தருமபுரியில் சித்திரை, வைகாசி மதியத்தில் வெயிலில் நிற்கும் தொட்டி இரண்டு லோடு போட்டதுமே அந்த எல்லையைத் தாண்டும். நிழல் கூரையும் சுழற்சி பம்பும் வையுங்கள்.

எல்.எம். 25 (அலுமினியம்–சிலிக்கான் கலவை) வார்ப்படத்தில் பின்ஹோல் (வாயுத் துளை), நீட்சியும் வரவில்லை. கலவையை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் கலவைப் பட்டியல் சரியாகவே இருக்கும், உருக்கும் முறைதான் கெடுக்கும். மூன்று விஷயங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது ஹைட்ரஜன். ஈரமான இங்காட், ஈரமான கரண்டி, மழைக்காலக் காற்று, 760 டிகிரிக்கு மேல் ஏறிய உருகல் எல்லாம் ஹைட்ரஜனை ஏற்றும். உருகலை 720–740 டிகிரியில் வைத்து, சுழலும் கிராஃபைட் ரோட்டார் மூலம் ஆர்கானோ காய்ந்த நைட்ரஜனோ 10 முதல் 15 நிமிடம் செலுத்துங்கள். பிறகு ஒரு மாதிரியைச் சாதாரணக் காற்றிலும், இன்னொன்றைச் சுமார் 80 மில்லிபார் வெற்றிடத்திலும் உறையவிட்டு இரண்டின் அடர்த்தியையும் எடுங்கள். காற்றில் 2.65, வெற்றிடத்தில் 2.58 வந்தால் வித்தியாசம் 2.6 சதவீதம், இன்னும் வாயு இருக்கிறது. 2 சதவீதத்துக்குள் வந்த பிறகு ஊற்றுங்கள்.

இரண்டாவது சிலிக்கான். மாற்றம் செய்யாத உருகலில் சிலிக்கான் தட்டுத் தட்டாக உறைந்து, நீட்சியைக் கொல்லும். 0.02 சதவீதம் ஸ்ட்ரான்ஷியம் அதை நார்போல மெல்லியதாக்கும். 100 கிலோவுக்கு 20 கிராம் ஸ்ட்ரான்ஷியம் என்றால், 10 சதவீதம் ஸ்ட்ரான்ஷியம் உள்ள மாஸ்டர் அலாயில் 200 கிராம். எரிந்து போவதைச் சேர்த்து 220 கிராம் போடலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: குளோரின் விட்டு வாயுவை நீக்கும் டீகாஸிங் மாத்திரையை ஸ்ட்ரான்ஷியத்துக்குப் பிறகு போட்டால், மாத்திரை அந்த ஸ்ட்ரான்ஷியத்தையே தின்றுவிடும். மாத்திரை முதலில், ஸ்ட்ரான்ஷியம் பிறகு, கடைசியாக வெறும் ஆர்கான்.

மூன்றாவது இரும்பு. பூச்சு இல்லாத ஸ்டீல் கரண்டி, கம்பி, ஸ்கிராப்பில் ஒட்டியிருக்கும் ஸ்க்ரூ எல்லாம் கரைந்து இரும்பை ஏற்றும். இரும்பு ஊசி வடிவச் சேர்மமாக உறைந்து, விரிசலுக்கு வழி போட்டுக்கொடுக்கும். உள்ளே போன இரும்பைப் பட்டறையில் எடுக்க முடியாது. இரும்பின் பாதி அளவு மாங்கனீஸ் சேர்த்தால் ஊசி வடிவம் மாறும், அவ்வளவுதான். உயர் நீட்சி கேட்கும் பாகத்துக்கு இரும்பு 0.20-க்குள் உள்ள முதல்தர இங்காட்டே வாங்குங்கள், சொந்த ரன்னர் ஸ்கிராப்பை அளவோடு சேருங்கள்.

இண்டக்‌ஷன் ஃபர்னஸில் புதிய ஸ்டீல் கலவையைச் சோதித்துப் பார்க்க எப்படித் தொடங்குவது?

ஒரு நேரத்தில் ஒரு தனிமத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சிறிய ஹீட்டே (ஒருமுறை உருக்கும் அளவு) போதும், ஆனால் கணக்கு கிராம் அளவில் இருக்க வேண்டும்.

100 கிலோவில் 1.2 சதவீதம் குரோமியம் வேண்டும் என்று வையுங்கள். 60 சதவீதம் குரோமியம் உள்ள ஃபெரோகுரோம் (குரோமியம்–இரும்புக் கலவை), அதில் 95 சதவீதம் உருகலில் சேரும் என்றால் 1.2-ஐ 0.60-ஆலும் 0.95-ஆலும் வகுக்க, 2.1 கிலோ. இது உயர் கார்பன் ஃபெரோகுரோம் என்றால் அதில் சுமார் 7 சதவீதம் கார்பன் இருக்கும். அதனாலேயே உருகலில் 0.15 சதவீதம் கார்பன் ஏறும். 0.40 இலக்கு வைத்தவருக்கு 0.55 வந்து நிற்பது இப்படித்தான். ஆகவே அடிப்படைச் சார்ஜின் கார்பனை அந்த அளவுக்குத் தாழ்த்துங்கள், அல்லது குறைந்த கார்பன் ஃபெரோகுரோம் வாங்குங்கள்.

நிக்கலும் மாலிப்டினமும் எரியாது, தொடக்கத்திலேயே போடலாம். குரோமியம் பாதி உருகிய பிறகு. மாங்கனீஸும் சிலிக்கானும் கடைசியில். ஃபெரோ அலாய்களைச் சூடேற்றி ஈரம் போக்கிப் போடுங்கள். டேப்பிங் (உருகலை வெளியே ஊற்றும்) நேரத்தில், ஆக்சிஜனை நீக்க அலுமினியம் 100 கிலோவுக்கு 50 முதல் 100 கிராம். அதைவிட அள்ளிப் போட்டால் தடித்த வார்ப்படத்தில் அலுமினியம் நைட்ரைடு உருவாகி, முறிவு முகம் கற்கண்டுபோல் தெரியும்.

சிலிக்கா லைனிங் உள்ள இண்டக்‌ஷன் ஃபர்னஸ் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் நீக்காது. தாமிரத்தையும் வெள்ளீயத்தையும் எந்த ஃபர்னஸும் எளிதில் நீக்காது. உயர்திறன் கலவையின் தரம் ஸ்கிராப் முற்றத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஹீட் நம்பர் தெரிந்த ஸ்கிராப்பை மட்டும் தனியாகக் குவித்து வையுங்கள்.

இங்கே ஓர் இடைச்செருகல். அரூர்–ஊத்தங்கரைப் பட்டையில் மாலிப்டினம் கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் நம் ஃபர்னஸ்களில் விழும் ஃபெரோமாலிப்டினம் இறக்குமதித் தாதுவை நம்பியே வருகிறது. விலை ஏறி இறங்குவதால், மாலிப்டினம் கூடிய கலவையின் கோட்டேஷனில் செல்லுபடி நாளைக் குறைவாகப் போடுங்கள்.

டைட்டானியத்தையும், இன்கொனெல் 718 போன்ற சூப்பர் அலாய்களையும் இப்படித் திறந்த ஃபர்னஸில் உருக்கும் முறையில் முயற்சி செய்யாதீர்கள். அவற்றை வெற்றிடத்தில்தான் உருக்க வேண்டும். அதற்கான ஆலைகளில் ஒன்று, 1973-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஐதராபாத் மிதானி.

இன்கொனெல் 718-ஐக் கடையும்போது இன்சர்ட் (டூலின் வெட்டு முனை) பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

சாதாரண கார்பைடில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 முதல் 40 மீட்டர். 50 மி.மீ. ராடுக்கு 30 மீட்டர் என்றால் சுமார் 190 ஆர்.பி.எம். இந்த மெட்டீரியல் தேய்த்தால் இறுகும். ஃபீடைச் சுற்றுக்கு 0.1 மி.மீ.க்குக் கீழே இறக்கினால் முந்தைய பாஸ் இறுக்கிய தோலுக்குள்ளேயே டூல் உரசும், 0.15 முதல் 0.2 வையுங்கள், வெட்டின் நடுவில் ஃபீடை நிறுத்தாதீர்கள். வெட்டு ஆழத்தின் கோட்டில் இன்சர்ட்டில் பள்ளம் விழுந்தால் ஒவ்வொரு பாஸுக்கும் ஆழத்தை மாற்றுங்கள்.

ரஃபிங்கைச் சொல்யூஷன் நிலையில் முடித்து, ஏஜிங் செய்து, ஃபினிஷிங் கடைசியில். ஏஜிங்: 718 டிகிரியில் 8 மணி, மணிக்கு 55 டிகிரி வீதம் 621-க்கு இறக்கி அங்கே 8 மணி, பிறகு காற்றில். பாகம் 650 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் வேலை செய்யுமென்றால் 718 சரியான தேர்வு இல்லை. பலம் தரும் நுண்படிகங்கள் அந்தச் சூட்டில் பருத்து, வேறு கட்டமாக மாறிவிடும்.

டைட்டானியம் சீவல் தீப்பிடித்தால்?

தண்ணீர் ஊற்றாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் கூடாது. இரண்டும் எரியும் டைட்டானியத்தோடு வினைபுரிந்து நிலைமையைக் கெடுக்கும். நன்றாகக் காய்ந்த மணல் ஒரு வாளியும், உலோகத் தீக்கான 'டி' வகைத் தீயணைப்புப் பொடியும் மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். மெல்லிய சீவலை ஷிஃப்ட் முடிவில் அகற்றி, மூடிய இரும்பு டிரம்மில் வெளியே வையுங்கள். மழுங்கிய டூல்தான் பெரும்பாலும் பற்றவைக்கிறது. திறந்த ஃபர்னஸில் 600 டிகிரிக்கு மேல் டைட்டானியத்தைச் சூடாக்கினால் ஆக்சிஜன் ஏறிய உடையும் தோல் உருவாகும். அதைக் கடைந்து எடுக்காமல் அனுப்பக்கூடாது.

டெஸ்ட் சர்டிபிகேட்டை எவ்வளவு நம்பலாம்?

3.1 வகைச் சர்டிபிகேட் என்றால் உற்பத்தியாளரின் ஆய்வுப் பிரிவு, உற்பத்திப் பிரிவைச் சாராமல், கையெழுத்திட்டது. 3.2-ல் வாங்குபவரின் அல்லது மூன்றாம் தரப்பின் கையெழுத்தும் இருக்கும். தாளில் உள்ள ஹீட் நம்பர் ராடின் முனையில் பஞ்ச் செய்த நம்பரோடு பொருந்துகிறதா என்பதே முதல் சோதனை. ராடை வெட்டும் முன்பே இரு துண்டிலும் நம்பரைப் பஞ்ச் செய்யுங்கள். வெட்டிய பிறகு எந்தத் துண்டு எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கி நிக்கல், குரோமியம், மாலிப்டினத்தை நொடியில் காட்டும். ஈ.என். 19-ஐயும் 24-ஐயும் நிக்கலை வைத்துப் பிரித்துவிடலாம். ஆனால் அது கார்பனைப் பார்க்காது. ஈ.என். 8-ஆ ஈ.என். 9-ஆ, 304-ஆ 304 எல்-ஆ என்பதற்கு ஸ்பெக்ட்ரோ (தீப்பொறி ஒளியில் கலவையை அளக்கும்) சோதனைதான் வழி.

எடையும் ஒரு சோதனைதான். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஸ்டீல் ராடின் மீட்டர் எடை கிலோவில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்: 50 மி.மீ.க்கு 15.4 கிலோ. டைட்டானியம் 6-4 (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் உள்ள கலவை) என்றால் அதை 0.564-ஆல் பெருக்கி 8.7 கிலோ வர வேண்டும்.

ஃபர்னஸ் டிஸ்ப்ளே 480 காட்டுகிறது. போதாதா?

டிஸ்ப்ளே காட்டுவது தெர்மோகப்பிள் முனை இருக்கும் ஒரே இடத்தின் சூடு. விண்வெளி, விமானப் பாகங்களுக்கு, ஃபர்னஸ் சூட்டின் துல்லியத்துக்கான ஏ.எம்.எஸ். 2750 தரம் கேட்பார்கள். அதில் இரண்டாம் வகுப்பு ஃபர்னஸ் என்றால் வேலை செய்யும் பகுதி முழுவதும் கூட்டல் கழித்தல் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஐந்தாம் வகுப்பில் 14. நடுத்தர ஃபர்னஸில் ஒன்பது தெர்மோகப்பிள் வைத்து இதை நிரூபிக்க வேண்டும்.

மின்சாரம் போய்விட்டால்: டெம்பரிங்கில் மீதி நேரத்தைத் தொடர்ந்து முடிக்கலாம். ஹார்டனிங், சொல்யூஷன் ஊறல் என்றால் பாகம் மீண்டும் சூட்டை எட்டியதிலிருந்து நேரத்தைப் புதிதாக எண்ணுங்கள். கார்புரைசிங் வாயு உள்ள ஃபர்னஸ் 760 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் உடனே நைட்ரஜனால் வாயுவை வெளியேற்றுங்கள். அதற்குக் கீழே காற்று புகுந்தால் எரியாமல் சேர்ந்து, பிறகு வெடிக்கும். நைட்ரஜன் வால்வு மின்சாரம் இல்லாமலும் திறக்கும்படி இருக்க வேண்டும்.

கூலன்ட் பிரிந்து மேலே பிசுக்கு மிதக்கிறது.

நம் மாவட்டங்களின் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கால்சியம், எமல்ஷனில் உள்ள சோப்போடு சேர்ந்து பிசுக்காகும். ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள். முழுக்க ஆர்.ஓ. போட்டு நுரை பொங்கினால் கொஞ்சம் போர் தண்ணீர் சேர்க்கலாம். தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும், ஆயிலில் தண்ணீரை அல்ல. ஆவியாவதை ஈடுகட்ட மீண்டும் போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டெயின்லெஸ் பாகத்தில் புள்ளித் துரு அங்கிருந்துதான் வருகிறது.

3டி பிரின்ட் செய்த 17-4 பி.எச். எச் 900-ல் பலம் ஏறவில்லை.

நைட்ரஜனில் தயாரித்த பவுடராக இருக்கலாம். அதில் ஆஸ்டெனைட் (மென்மையான உள்ளமைப்பு) மிஞ்சி நிற்பதால் ஏஜிங் சரியாக வேலை செய்யாது. 1038 டிகிரியில் சொல்யூஷன் செய்து, பிறகு ஏஜிங் கொடுங்கள். அல்லது ஆர்கானில் தயாரித்த பவுடர் வாங்குங்கள்.

சோதனைக்கு எங்கே போவது, எவ்வளவு மெட்டீரியல் கொடுப்பது?

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ.தான், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமும் அங்கே உண்டு. தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் பக்கம். அங்கே அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறை இருக்கிறது. அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்பெக்ட்ரோவுக்கு 30 மி.மீ. அகலமும் 15 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு துண்டு. டென்சைலுக்கு 12.5 மி.மீ. விட்டத்தில் 50 மி.மீ. அளவு நீளம் கடையும்படி, 20 மி.மீ.க்குக் குறையாத ராடில் 150 மி.மீ. சார்பிக்கு 10-க்கு 10, நீளம் 55 மி.மீ. துண்டுகள் மூன்று, 2 மி.மீ. வி பள்ளத்தோடு. எல்லாத் துண்டும் பாகத்தோடு அதே லோடில் ஹீட் ட்ரீட்மென்ட் ஆன, பாகத்தின் தடிமனே உள்ள ராடிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். 100 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 20 மி.மீ. ராடைச் சோதனைத் துண்டாகப் போட்டால் அது வேகமாக ஆறி, ஷாஃப்ட்டில் இல்லாத பலத்தைக் காட்டும். துண்டு ராடின் நீளவாக்கில் எடுத்ததா, குறுக்கே எடுத்ததா என்பதையும் சீட்டில் எழுதுங்கள். ஃபோர்ஜ் செய்த பாகத்தில் குறுக்குவாக்குச் சார்பி மதிப்பு நீளவாக்கைவிடக் கணிசமாகக் குறையும், வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் அந்தக் குறைந்த எண்ணைத்தான்.